பதினெட்டு நாலு

கல்லூரி கேட்டைத் தாண்டி கோல்ஸ் பார்க் மூலைக்கு வந்த பிறகுதான் காக்கிச் சட்டையை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அது கல்லூரி கொடுத்த சட்டை. வேலையை விட்டுப் போகிறவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பிப் போக முடியவில்லை. அங்கேயே கழற்றி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பனியனோடு மாஸ்க் ரோடு பக்கம் நடந்தேன். இன்னொரு கையில் டிபன் கேரியர். காலையில் கட்டிக்கொண்டு வந்த சோறு தொடாமல் அப்படியே இருந்தது. கோடை வெயில். பத்து விரல் நகத்திலும் பெர்மாங்கனேட் கறை, வெற்றிலைக் காவி மாதிரி.

எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்போடு திருப்பத்தூரை விட்டுக் கிளம்பியவன் நான். ஜோலார்பேட்டை ரயில்வே கேன்டீனில் தட்டு கழுவினேன். லாரியில் கிளீனராகக் கோலாப்பூர் வரை போனேன். ஓசூர் பக்கம் கல் குவாரியில் ஒரு வருடம். எந்த இடத்திலும் இரண்டாவது தீபாவளி கொண்டாடியதில்லை. அப்படிப்பட்டவன் பன்னிரண்டு வருடம் ஒரே சுவருக்குள் இருந்துவிட்டு, ஒரு சாயங்காலம் ராஜினாமாகூட எழுதிக் கொடுக்காமல் வெளியே வந்தேன். இப்போது எங்கள் தெருவில் குடியிருக்கும் இரண்டு பேர் கல்லூரி லேபில் அட்டெண்டராக இருக்கிறார்கள். நிரந்தர வேலையை யாராவது அப்படி விடுவார்களா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்து என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாது.

1991இல் பிரேசர் டவுனில் இருந்த அந்தக் கல்லூரிக்கு நான் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனேன். வேதியியல் லேபுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது பழைய அட்டெண்டர் ஓய்வு பெற்றார். ஏணியில் நின்றவனை இறக்கி அந்த வேலையைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் நாகரத்னா மேடம்.

மேடத்துக்குப் பதவி டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்துகிறவர்கள் வேறு, கண்ணாடிக் குழாயும் குடுவையும் பிடிக்கச் சொல்லித்தருகிறவர் இவர். மைசூர்க்காரர். எங்களோடு பேசிப் பேசி கன்னடம் கலந்த ஒரு தமிழ் வைத்திருந்தார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு மாணவன் தப்பாகச் செய்தால் திட்ட மாட்டார். அவன் மேசைக்குப் போவார், குடுவையை எடுப்பார், சிங்க்கில் கொட்டுவார், காலிக் குடுவையை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போவார். மறுபடி ஆரம்பி என்று அர்த்தம். மூன்று மணி நேர வகுப்பில் ஒருவனுக்கு ஏழு தடவை கொட்டியதை நான் எண்ணியிருக்கிறேன். எட்டாவது தடவை அந்தப் பையனே எடுத்துப்போய்க் கொட்டினான்.

நான் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். முதல் மாதமே ஒரு காரியம் செய்தேன். பியூரெட் என்பது கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய், கீழே திருகு இருக்கும். அதைக் கழுவிய பிறகு எந்தத் திரவத்தை ஊற்றப்போகிறோமோ அதே திரவத்தால் ஒரு தடவை அலச வேண்டும். இதைக் கேட்டு வைத்துக்கொண்டு, நல்ல பெயர் வாங்கலாம் என்று, கீழே வைக்கிற நாற்பது கூம்புக் குடுவைகளையும் நானே ஆசிடால் அலசி அடுக்கிவிட்டேன். குடுவையை அப்படி அலசக் கூடாது. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிற ஆசிடும் கணக்கில் சேர்ந்துவிடும். அன்றைக்கு ஒருத்தருக்கும் ரீடிங் ஒத்துவரவில்லை. மேடம் ஒரு குடுவையை முகர்ந்து பார்த்தார். பிறகு நாற்பதையும் ஒவ்வொன்றாகக் கொட்டினார்.

“நோடப்பா சேகர்,” என்றார், கடைசிக் குடுவையை வைத்துவிட்டு. “எது அளந்து குடுக்குதோ அத அலசு. எது வாங்கிக்குதோ அத சும்மா தண்ணியில கழுவு. அஷ்டே.”

அவ்வளவுதான் என் படிப்பு. மீதியெல்லாம் கை பார்த்துக் கற்றது. பியூரெட்டை நிரப்பியதும் நுனியில் காற்றுக்குமிழி நிற்கிறதா என்று பார்ப்பது. மேலே சொருகிய புனலை மறக்காமல் எடுப்பது, இல்லையென்றால் பாதியில் ஒரு சொட்டு இறங்கி எல்லாவற்றையும் கெடுக்கும். பிப்பெட் என்கிற அளவுக் குழாயில் திரவத்தை வாயால் உறிஞ்சி எடுப்பது. அப்போது அப்படித்தான், எத்தனை தடவை நாக்கு வெந்திருக்கிறது. அதன் நுனியில் தங்குகிற கடைசித் துளியை ஊதித் தள்ளாமல் விட்டுவிடுவது. ரீடிங் எடுக்கும்போது முழங்காலை மடித்துக் கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவருவது. நின்றபடி பார்த்தால் ஒன்று காட்டும், உட்கார்ந்து பார்த்தால் ஒன்று காட்டும். ஐந்தாறு வருடத்தில் மேடம் இல்லாத நாளில் சோதனைக் கரைசல்களை நானே தயாரித்து அதன் வேல்யூவையும் எடுத்து வைக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

வேல்யூ என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பெர்மாங்கனேட் கரைசலை ஐந்து லிட்டர் பழுப்பு பாட்டிலில் உத்தேசமாக எடை போட்டுக் கலக்குவோம். எந்த இரண்டு பாட்டிலும் ஒரே வலிமையில் வராது. அதனால் மாணவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நாங்களே ஒரு தடவை செய்து பார்த்து, இந்த பாட்டிலுக்கு எத்தனை மில்லி செலவாகிறது என்று குறித்துவைப்போம். அந்த எண்தான் வேல்யூ. பரீட்சையில் மாணவன் எடுக்கும் ரீடிங் அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு மார்க். ஆகவே பரீட்சை நாளில் அந்த எண் தெரிந்த அட்டெண்டருக்கு இருக்கிற மரியாதை பிரின்சிபாலுக்கும் இருக்காது. தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் காதில் ஓதிவிட்டுப் போவது எல்லா லேபிலும் உள்ளதுதான். அதற்காக யாரும் யாரையும் கெட்டவன் என்று சொல்வதில்லை.

நான் சொன்னதில்லை. ஒழுக்கம் என்று இல்லை. மேடம் கொட்டிக் கொட்டிச் சொல்லித்தந்ததை ஒரு வார்த்தையில் கவிழ்ப்பது எனக்கு அசிங்கமாக இருந்தது. “சேகர்ணா வாயில வேல்யூ வர்றதுக்குள்ள நமக்குப் பென்ஷன் வந்துரும் மச்சா,” என்று பையன்கள் எனக்குக் கேட்கும்படியே சொல்வார்கள். பிசிக்ஸ் லேப் அட்டெண்டர் என்னைச் சாமியார் என்று கூப்பிடுவான்.

ஸ்டெல்லா எனக்குப் பழக்கமானது என்னுடைய பத்தாவது வருடத்தில். முப்பது வயதைத் தாண்டியவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் ஆயா. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, கால் கழுவிவிட்டு, சாயங்காலம் பெஞ்சுகளைத் துடைத்துவைக்கிற வேலை. டிகிரி முடித்தால் டீச்சராக எடுத்துக்கொள்வதாகப் பள்ளி சிஸ்டர் வாக்கு கொடுத்திருந்தார். அதை நம்பி பி.எஸ்சி. சேர்ந்து, மற்ற எல்லாப் பேப்பரும் தட்டுத்தடுமாறி முடித்துவிட்டார். பாக்கி நின்றது முதல் வருட வேதியியல் பிராக்டிகல் ஒன்றுதான். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் போயிற்று. சேர்ந்து ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி. நாலாவது தடவையோடு அவகாசம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் தேர்ச்சி பெற்ற பேப்பரெல்லாம் வெறும் தாள்.

சனிக்கிழமை மத்தியானங்களில் பழைய மாணவர்கள் வந்து பழகிக்கொள்ள மேடம் லேபைத் திறந்து வைப்பார். வருகிறவர் பெரும்பாலும் ஸ்டெல்லா ஒருவர்தான். மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு திருத்துவார். நான் கழுவிக்கொண்டிருப்பேன்.

ஸ்டெல்லாவின் பிரச்சினை அறிவில் இல்லை, கட்டை விரலில் இருந்தது. அந்தச் சோதனையில் கீழே சூடான ஆக்ஸாலிக் ஆசிட், மேலே பியூரெட்டில் ஊதா நிறப் பெர்மாங்கனேட். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டு விழுந்தால் நிறம் போக நேரமாகும். அங்கே பொறுக்க வேண்டும். பிறகு விழ விழ நிறம் போய்க்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு வந்து அப்படியே நின்றுவிடும். அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவு. ஸ்டெல்லா அந்த இடத்தில் பயந்துபோய்த் திருகைச் சட்டென்று திருப்பிவிடுவார். குடுவை பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிடும். மேடம் எழுந்து வந்து கொட்டுவார்.

“கொழந்தைங்களுக்கு மருந்து ஊத்தறப்ப மட்டும் ஒரு சொட்டு அதிகமா போவாது சேகர்ணா,” என்றார் ஒரு நாள். “இங்க வந்தா கை என்னுது இல்லாத மாதிரி ஆயிடுது.”

“அப்ப இதுக்கும் ஒரு வாய் இருக்குதுன்னு நெனச்சு ஊத்தும்மா,” என்றேன்.

சிரித்தார். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டார். இடது கையால் திருகைச் சுற்றிப் பிடிக்கவும், வலது கையால் குடுவையைச் சுழற்றவும் பழகினார். கடைசியில் முழுச் சொட்டு விழாமல், நுனியில் தொங்குகிற பாதியைக் குடுவைச் சுவரில் தொட்டு, தண்ணீரால் கழுவி இறக்கும் வித்தையும் வந்துவிட்டது. ஒன்றரை வருடச் சனிக்கிழமைகள். பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை மூன்று தடவை செய்தார், மூன்றும் ஒரே எண். மேடம் வந்து குடுவையை எடுத்தார், வெளிச்சத்தில் பார்த்தார், கொட்டாமல் திரும்ப வைத்துவிட்டு நாற்காலிக்குப் போனார். ஸ்டெல்லா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

பரீட்சை அன்று காலை, மத்தியானம் என்று இரண்டு பேட்ச். நான் முந்தின நாளே இரண்டு பாட்டில் கரைசல் தயார்செய்து, பிளாஸ்திரி ஒட்டி ஒன்று, இரண்டு என்று எழுதிவைத்திருந்தேன். முதல் பாட்டிலின் வேல்யூ பதினெட்டு நாலு, அதாவது பதினெட்டு புள்ளி நாலு மில்லி. இரண்டாவது பாட்டிலைத் திறக்கும்போது அதற்கு வேல்யூ எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். பாட்டில் மாறினால் முதல் ரீடிங் நான் எடுக்க வேண்டும் என்பது மேடம் எனக்கு விதித்திருந்த சட்டம்.

வெளிக் கல்லூரியிலிருந்து எக்ஸாமினர் வந்திருந்தார். அமைதியான மனிதர். வெளியாளுக்குச் சாப்பாடு வாங்கி வந்து பரிமாறுவது அட்டெண்டர் வேலை. அவர் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஓட்டல் எங்கே இருக்கிறது? சைக்கிளை எடுத்துக்கொண்டு அலைந்து, வாங்கி வந்து, இலை போட்டு, அவர் கைகழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு நான் லேபுக்குள் நுழைந்தபோது மத்தியான பேட்ச் ஆரம்பித்திருந்தது. மேசைமேல் பழுப்பு பாட்டில் இருந்தது. பிளாஸ்திரி ஒட்டிய பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் இல்லாத நேரத்தில் முதல் பாட்டில் தீர்ந்து, மேடமே இரண்டாவதைத் திறந்து, தானே வேல்யூ எடுத்து எக்ஸாமினரிடம் கொடுத்திருந்தார். பதினேழு ஒன்று. எனக்கு அப்போது அது தெரியாது.

மத்தியான பேட்ச் என்றாலும் அன்று காலையிலேயே ஸ்டெல்லா வந்துவிட்டிருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “சிஸ்டர் வேற ஒரு பொண்ண வரச் சொல்லிட்டாங்களாம் சேகர்ணா. இன்னிக்குப் போச்சுன்னா ஆயாவாவே ரிட்டயர் ஆவ வேண்டியதுதான்,” என்று மட்டும் சொன்னார். அதைக் குறை மாதிரிகூடச் சொல்லவில்லை.

நான் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு போனேன். ஸ்டெல்லா மேசை ஜன்னலோரத்தில். மூன்றாவது குடுவையை முடித்துவிட்டு, முழங்காலை மடித்து ரீடிங் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது உதடு வெள்ளையாக இருந்தது. மூன்று தடவை தோற்றவர் முகம் அது. அவர் கை நடுங்கவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்தும், ஒன்றரை வருடத்துக்கு முந்திய பீட்ரூட் சாறுதான் என் கண்ணில் நின்றது. தண்ணீர் பாட்டிலை வைக்கும்போது குனிந்து சொன்னேன்.

“பதினெட்டு நாலு.”

என்னைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக யாருக்கும் சொல்லாதவன் என்பது அவருக்குத் தெரியும். நான் நகர்ந்துவிட்டேன்.

தாள்கள் எக்ஸாமினர் மேசைக்குப் போனதும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். நான் காபி டம்ளர்களோடு அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். ஸ்டெல்லா முறை வந்தது.

“மொதல்ல மூணு ரீடிங் எழுதியிருக்கீங்க. மூணும் பதினேழு ஒண்ணு,” என்றார் எக்ஸாமினர். “மூணையும் அடிச்சுட்டுப் பதினெட்டு நாலுன்னு போட்டிருக்கீங்க. ஏன்?”

ஸ்டெல்லா தாளில் அடித்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

“சொல்லுங்கம்மா. பியூரெட்ல பாத்தது எது?”

“தப்புன்னு நெனச்சேன் சார்.”

“எது தப்பு?”

“நான் பாத்தது.”

எக்ஸாமினர் பேனா மூடியைக் கழற்றினார். “பாக்காததை எழுதினா அதுக்கு மார்க் போட எனக்கு வழி இல்லையேம்மா,” என்று உண்மையிலேயே வருத்தமாகச் சொல்லிவிட்டு மார்க் கட்டத்தில் பூஜ்யம் போட்டார். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் கையில் டம்ளர் இருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். காபி ஆறுகிறது என்பது மாதிரி நான் டம்ளரை மேசைமேல் வைத்தேன்.

ஸ்டெல்லா வெளியே போன பிறகு, நான் காதில் சொன்னதை மேடத்திடம் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“பாட்டல் மாத்தினா மொதல் ரீடிங் யாரு எடுக்கணும்?”

“நான்தான், மேடம்.”

“எடுத்தியா?”

“இல்ல, மேடம். இப்பவே சார்கிட்ட போய்ச் சொல்லிடறேன். நான்தான் சொன்னேன்னு.”

“பேடா.” வேண்டாம் என்று கையால் தடுத்தார். “சொன்னா என்ன ஆகும்? இப்ப ஃபெயில். நீ சொன்னா காப்பியடிச்ச கேஸ். பேர நோட்டீஸ் போர்டுல போடுவாங்க. அவ ஸ்கூலுக்கும் லெட்டர் போகும். அவளுக்கு எல்லிதே வேற வேலை?” எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, ஜன்னலோர மேசைக்குப் போனார். ஸ்டெல்லாவின் மூன்றாவது குடுவையைக் கையில் எடுத்தார். இளஞ்சிவப்பு, ரோஜா இதழின் அடிப்பக்கம் மாதிரி. அரை நிமிடம் நின்றால் போதும் என்கிற நிறம் இத்தனை நேரமாகியும் நின்றிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொட்டவில்லை. அதை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நான்தான் கொட்டினேன். கழுவிக் கவிழ்த்தேன். அந்த லேபில் நான் கழுவிய கடைசிக் குடுவை அது.

ஸ்டெல்லா மாடிப்படியின் கீழே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டில் மாறிய விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

“அப்ப பதினேழு ஒண்ணுதான் சரியா?”

“ஆமாம்மா.”

“மூணு தடவையும் அதுதான் வந்துச்சு சேகர்ணா,” என்றார். “எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. அப்புறம் நீங்க சொன்னீங்க. நீங்களே சொல்றீங்கன்னா, நான் இன்னும் அவ்ளோ மோசமாத்தான் செய்யறேன் போலன்னு நெனச்சுட்டேன்.”

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். நர்சரி விட்டிருக்கும், பெஞ்சு துடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருந்தால் நான் ஒருவேளை அந்த வேலையிலேயே இருந்திருப்பேன்.

ஸ்டெல்லா எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் ஆகவில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் போனபோது, அந்த நர்சரி வாசலில் பிள்ளைகளின் செருப்பை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எதிர் நடைபாதைக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு மாஸ்க் ரோட்டிலிருந்து டேனரி ரோடு வரை நடந்தேன். வழியில் சோற்றை ஒரு நாய்க்குக் கொட்டினேன். மறுநாள் காலையில் டேனரி ரோட்டில் ஒரு பேட்டரி கடை முன்னால் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. உள்ளே போனேன். கடைக்காரர் பாய் என் நகத்தைப் பார்த்தார்.

“ஆசிட்ல வேலை செஞ்சிருக்கியா?”

“செஞ்சிருக்கேன் பாய்.”

“ஹைட்ரோமீட்டர் பாக்கத் தெரியுமா?”

பேட்டரிக்குள் இருக்கும் ஆசிடை உறிஞ்சி அதன் வலிமை பார்க்கிற கண்ணாடிக் குழாய் அது. உள்ளே ஒரு மிதவை கோட்டில் நிற்கும்; எண் குறையக் குறைய சார்ஜ் இல்லை என்று அர்த்தம். தெரியும் என்றேன். அதற்குள் ஒரு ஆட்டோக்காரர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். பாய் உள்ளே போனில் இருந்தார். அங்கிருந்தே, “அரே, பன்னெண்டு அம்பதுன்னு சொல்லி அனுப்பிடு, சார்ஜ் நல்லாத்தான் இருக்கும்,” என்று கத்தினார்.

நான் மூடியைத் திறந்து ஆசிடை உறிஞ்சினேன். முழங்காலை மடித்துக் கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தேன். ஆட்டோக்காரர் சிரித்தார்.

“என்னாப்பா, பேட்டரிக்குக் கும்பிடு போடறியா? எவ்ளோ இருக்குது?”

எண் தெரிந்தது. வாயைத் திறந்தேன், வரவில்லை. சுற்றிப் பார்த்தேன். கல்லாமேல் ஒரு துண்டு சாக்பீஸ் கிடந்தது. பேட்டரியின் கறுப்பு மூடியில் பதினொன்று எண்பது என்று எழுதி, குழாயை அவர் பக்கம் நீட்டினேன்.

“ஏன், வாயால சொல்ல மாட்டியா?” என்று பாய் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

“எழுதித் தரேன் பாய்,” என்றேன். “அவரும் ஒரு தடவ பாத்துக்கட்டும்.”

ஆட்டோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார்.